கடலின் விளைச்சலை எண்ணிய அறிஞர் விக்டர் ஹென்சன்



உலகில் தோன்றிய அறிஞர்களுள் சிலர் வானத்து விண்மீன்களை எண்ணினர். சிலர் மலைகளின் உயரத்தை அளந்தனர். கடலில் எவ்வளவு உயிர் விளைகிறது, அது எங்கே மிகுதியாக விளைகிறது, எங்கே குறைவாக விளைகிறது என்று கணக்கெடுக்கப் புறப்பட்ட அறிஞர் ஒருவரும் இருந்தார். அவர்தாம் ஜெர்மனி நாட்டு அறிஞர் விக்டர் ஹென்சன். நம் பாடநூல்களில் அவர் பெயர் மிகுதியாகக் காணப்படுவதில்லை. எனினும் கடலைப் பற்றிப் பயில்வோர் உலகெங்கும் அறிந்து போற்றும் பெயர் அது.

நம் இல்லங்களில் அன்னையர் சோறு வடிக்கும்போது பானையிலுள்ள சோறு முழுவதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. அகப்பையில் சிறிது எடுத்து, ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்க்கின்றனர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. ரப்பர்த் தோட்டங்களிலும் இதே முறை உண்டு. வாளியிலுள்ள பாலில் சிறிதளவு எடுத்துச் சோதித்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிடுவர். இந்த எளிய முறையைப் பெருங்கடலுக்கே பயன்படுத்தத் துணிந்தவர் ஹென்சன். அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியின் வடபகுதியில் பால்டிக் கடலை ஒட்டி ஷ்லெஸ்விக் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1835ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் ஹென்சன் பிறந்தார். அவர் தந்தையார் அவ்வூரில் காது கேளாதோர்க்கான கல்வி நிலையத்தின் தலைவராகப் பணியாற்றியவர்.

ஹென்சன் வுர்ஸ்பர்க், பெர்லின், கீல் ஆகிய நகரங்களில் மருத்துவக் கல்வி பயின்றார். மாணவராக இருந்த காலத்திலேயே அவர் அறிவுக்கூர்மை வெளிப்பட்டது. நம் உடல், சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாற்றிக் கல்லீரலில் சேமித்து வைக்கிறது. இப்பொருளை 1857ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட் பிரித்தெடுத்தார். அதே காலத்தில் ஹென்சனும் தம் சொந்த முயற்சியால் அதனைக் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 22 மட்டுமே.

பின்னர் அவர் கீல் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக அமர்ந்தார். மனிதரின் உட்செவியை நுணுகி ஆராய்ந்தார். உட்செவியிலுள்ள ஒருவகை உயிரணுக்கள் இன்றும் ஹென்சன் அணுக்கள் என்றே வழங்கப்படுகின்றன. கரு வளரும் விதத்தை ஆராய்ந்து அவர் விளக்கிய ஒரு பகுதிக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. இவ்வளவு புகழோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் அவர் மனம் ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கவில்லை.

மண்புழுவை எண்ணியவர்

எதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது ஹென்சனின் இயல்பு. ஒருமுறை அவர் மண்புழுவை ஆராய முற்பட்டார். தோட்ட நிலத்தில் ஓர் அளவான இடத்தைத் தோண்டி, அங்கிருந்த மண்புழுக்களை எண்ணினார். அந்த எண்ணிக்கையைக் கொண்டு ஒரு ஹெக்டேர் நிலத்தில் 133,000 மண்புழுக்கள் வாழும் என்று கணக்கிட்டார். ஏக்கர்க் கணக்கில் இது ஏறத்தாழ 54,000 ஆகும்.

மண்புழு குடைந்த துளைகளின் வழியாகப் பயிரின் வேர்கள் ஆழமாக இறங்குவதையும் அவர் கண்டார். அத்துளைகளின் சுவர்களில் படிந்திருந்த புழுவின் எச்சம் வேர்களுக்கு உரமாவதையும் எடுத்துரைத்தார். இவ்வாய்வு 1877ஆம் ஆண்டில் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, புகழ்பெற்ற அறிஞர் சார்ல்ஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றி எழுதிய நூலில் ஹென்சனின் இக்கணக்கை எடுத்துக்காட்டினார்.

தோட்டத்தில் வாழும் நமக்கு இச்செய்தி புதிதன்று. உரமில்லா மண்ணில் பயிர் செழிக்காது என்பதை நாம் அறிவோம். மண்ணுக்கு உரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட ஹென்சன், கடலைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கலானார்.

மீனவரின் கவலை

ஹென்சன் பிறந்து வளர்ந்த நாட்டுப்பகுதி இருபுறமும் கடல் சூழ்ந்தது. கிழக்கே பால்டிக் கடல், மேற்கே வடகடல். கடற்கரை மக்கள் பலர் மீன்பிடித்தே வாழ்ந்தனர். ஒரு பருவத்தில் வலை நிறைய மீன் கிடைக்கும். மறு பருவத்தில் வலை வெறுமையாக மீளும். இதற்குக் காரணம் என்ன என்பதை எவரும் அறியார். கடலில் மீன் குறைந்துவிட்டதா, அல்லது வேறிடம் சென்றுவிட்டதா என்று கேட்டால் விடை சொல்வாரும் இல்லை.

1867ஆம் ஆண்டில் ஹென்சன் பிரஷ்ய நாட்டின் மக்கள் சபைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடலை முறையாக ஆராய்வதற்கு அரசாங்கம் உதவ வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அம்முயற்சியின் பயனாக 1870ஆம் ஆண்டில் கீல் நகரில் ஜெர்மானியக் கடல்களை ஆராயும் ஆணைக்குழு ஒன்று நிறுவப்பட்டது. அக்குழுவில் ஹென்சனும் ஓர் உறுப்பினராக விளங்கினார். அடுத்த ஈராண்டுகளில் பொமரேனியா என்னும் கப்பல் பால்டிக் கடலிலும் வடகடலிலும் ஆய்வுப் பயணம் மேற்கொண்டது.

கடலில் எத்தனை மீன்கள் உள்ளன என்று நேரே எண்ணுதல் இயலாது. ஆனால் பலவகை மீன்களின் முட்டைகள் நீரில் மிதக்கின்றன. ஓடி ஒளியும் மீனை எண்ண முடியாவிடினும் மிதக்கும் முட்டையை எண்ண முடியுமன்றோ? ஒரு பெண்மீன் எத்தனை முட்டைகள் இடும் என்பது தெரிந்தால், முட்டைகளின் எண்ணிக்கையிலிருந்து தாய்மீன்களின் எண்ணிக்கையைக் கணக்கிடலாம். இந்த வழியை வகுத்துக் கொடுத்தவர் ஹென்சன். வட அட்லாண்டிக் கடலில் கானாங்கெளுத்தி மீனின் அளவை மதிப்பிட இன்றும் முட்டைகளை எண்ணும் முறை கையாளப்படுகிறது.

பிளாங்டன் என்னும் பெயர்

முட்டைகளைத் தேடிய வலையில் வேறு பல நுண்ணுயிர்களும் சிக்கின. கண்ணாடி ஓடு போன்ற உறையையுடைய ஒற்றை அணுத் தாவரங்கள், கடுகினும் சிறிய இறாலினங்கள், நண்டின் குஞ்சுகள், சிறு புழுக்கள் எனப் பல இருந்தன. நம் நாட்டில் பெலாச்சான் செய்வதற்குப் பயன்படும் பொடி இறாலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவ்வுயிர்கள் கடலோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமை அற்றவை. நீர் இழுத்த பக்கம் இவையும் செல்லும்.

கடலில் இவ்வாறு மிதந்து திரிவன அனைத்துக்கும் 1887ஆம் ஆண்டில் ஹென்சன் ஒரு பொதுப்பெயர் சூட்டினார். அலைந்து திரிவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிளாங்டன் என்னும் பெயரை அவர் அமைத்தார். தமிழில் இவற்றை மிதவை உயிர்கள் என்று கூறலாம்.

இவற்றுள் தாவர வகை, பிற உயிர்கட்கெல்லாம் அடிப்படை உணவாகும். அது கதிரவன் ஒளியைக் கொண்டு தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக் கொள்கிறது. அதனைச் சிற்றுயிர் உண்கிறது. சிற்றுயிரைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும் உண்கின்றன. ஆகவே மிதவைத் தாவரம் கடலின் புல்வெளி எனலாம். ஒரு மேய்ச்சல் நிலத்தில் எத்தனை மாடுகள் பிழைக்கும் என்பதைப் புல்லின் அளவு தீர்மானிப்பது போல, ஒரு கடலில் எவ்வளவு மீன் விளையும் என்பதை மிதவை உயிர்களின் அளவு தீர்மானிக்கிறது என்று ஹென்சன் கருதினார்.

வலையும் கணக்கும்

மாவு சலிப்பதற்கு மில்களில் பயன்படும் மெல்லிய பட்டுத்துணியைக் கொண்டு ஹென்சன் கூம்பு வடிவில் வலை அமைத்தார். அவருக்கு முன்னிருந்தோர் வலையைக் கப்பலின் பின்னே கட்டி இழுத்துச் சென்றனர். எவ்வளவு நீர் வலைக்குள் புகுந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஹென்சன் வலையை 200 மீட்டர் ஆழத்திற்கு இறக்கி, நேராக மேலே தூக்கினார். இதனால் கணக்கிடுவது எளிதாயிற்று.

மாணவர்களே, நீங்களும் இக்கணக்கைச் செய்து பாருங்கள். வலையின் வாய் ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அது 200 மீட்டர் உயர்ந்து வந்தால் 20 கன மீட்டர் நீரை வடித்திருக்க வேண்டும். ஆனால் வலை மேலே வரும்போது வழியிலுள்ள நீர் முழுவதும் துணியினூடே செல்வதில்லை. ஒரு பகுதி பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். அந்தக் குறைவையும் ஹென்சன் சோதித்துக் கணக்கில் சேர்த்துக் கொண்டார்.

வலையில் கிடைத்தவற்றை அவர் அளவறிந்த நீரில் கலந்து நன்கு குலுக்குவார். அதிலிருந்து சில துளிகளை மட்டும் எடுத்துக் கட்டம் கீறிய கண்ணாடியில் பரப்புவார். பின்னர் நுண்பெருக்காடியின் வழியே ஒவ்வொன்றாக எண்ணுவார். ஒருமுறை வீசிய வலையை எண்ணி முடிக்கப் பல நாட்கள் ஆவதுண்டு. பொறுமை இல்லாதவர்க்கு இயலாத பணி அது.

நேஷனல் கப்பலின் பயணம்

கீல் நகரத்துக் கடலில் பயின்ற முறையைப் பெருங்கடலில் சோதித்துப் பார்க்க ஹென்சன் விரும்பினார். பெர்லின் அறிவியற் கழகத்தின் பொறுப்பிலிருந்த ஹம்போல்ட் அறநிதியும், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் வழங்கிய பெருந்தொகையும் இதற்கு உதவின. நேஷனல் என்னும் நீராவிக் கப்பல் வாடகைக்கு அமர்த்தப்பட்டது. 1889ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அது கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. ஹென்சனுக்கு அப்போது வயது 54.

அவருடன் விலங்கியலார் கார்ல் பிராண்ட், பிரடெரிக் தால், தாவரவியலார் பிரான்ஸ் ஷூட், புவியியலார் ஓட்டோ குரும்மல், நுண்ணுயிர்களை ஆராயும் மருத்துவர் பெர்ன்ஹார்ட் பிஷர் ஆகியோர் சென்றனர். கண்ட காட்சிகளை வரைவதற்காக எஷ்கே என்னும் ஓவியரும் உடன் சென்றார்.

கப்பல் ஸ்காட்லாந்தின் வடக்கே சென்று, கிரீன்லாந்தின் தென்பகுதியை நெருங்கியது. அங்கிருந்து நியூபவுண்ட்லாந்து வழியாகப் பெர்முடா தீவை அடைந்தது. கடற்பாசி மிதக்கும் சர்காசோ கடலைக் கடந்து, ஆப்பிரிக்காவின் மேற்கிலுள்ள கேப் வெர்டி தீவுகளுக்குச் சென்றது. பின்பு நிலநடுக்கோட்டைத் தாண்டி அசென்ஷன் தீவையும், தென் அமெரிக்காவில் அமேசான் ஆறு கடலோடு கலக்கும் பகுதியையும் கண்டு, அசோர்ஸ் தீவுகள் வழியாகத் திரும்பியது. நவம்பர் 7ஆம் நாள் கீல் வந்து சேர்ந்தபோது அக்கப்பல் 15,000 கடல் மைல்களுக்கு மேல் பயணம் செய்திருந்தது. வழியில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் வலை இறக்கப்பட்டது. எல்லா இடங்களிலும் ஒரே முறை கையாளப்பட்டதால் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிட முடிந்தது. கடல்வாழ் உயிர்களின் பரவலை இவ்வாறு அளந்தறியச் சென்ற முதற்பெரும் பயணம் இதுவேயாகும்.

எதிர்பாராத முடிவு

வெப்ப நாடுகளில் காடுகள் செழித்து வளர்கின்றன. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உள்ள நம் மலேசியக் காடுகளைப் பாருங்கள். குளிர் நாடுகளிலோ மரங்கள் பல மாதம் இலையின்றி நிற்கின்றன. ஆகவே வெப்பக் கடல்களிலும் உயிர்கள் நிறைந்திருக்கும். குளிர்கடல்களில் குறைந்திருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

ஹென்சனின் வலை நேர்மாறான உண்மையைக் காட்டியது. வடக்கே குளிர்ந்த நீரில் வலை கனத்து வந்தது. தெற்கே தெளிந்த நீல நிறக் கடலில் வலையின் அடியில் சிறிதளவே தேங்கியது. கண்ணைக் கவரும் சர்காசோ கடல் மிகவும் வறியதாக இருந்தது. கடலின் நீலநிறம் செழிப்பின் அறிகுறியன்று. வெறுமையின் அறிகுறி என்பது விளங்கலாயிற்று. மிதவைத் தாவரம் மிகுந்த நீர் பச்சை படிந்து தோன்றும். அது இல்லாத நீரே ஆழ்ந்த நீலமாகக் காட்சியளிக்கும்.

எழுந்த எதிர்ப்பு

ஹென்சன் தம் முடிவுகளை வெளியிட்டதும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர் சாதாரண மனிதரல்லர். யேனா நகரத்துப் பேராசிரியர் எர்னஸ்ட் ஹெக்கல் அவர். கடல் நுண்ணுயிர்களை அழகிய ஓவியங்களாக வரைந்து உலகப் புகழ் பெற்றவர். 1890ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலில் ஹென்சனின் முறையைக் கடுமையாகச் சாடினார். மிதவை உயிர்கள் கடலில் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. கூட்டங் கூட்டமாகவும் திட்டுத் திட்டாகவும் திரிகின்றன. ஆகவே சில வலைகளை எண்ணிப் பெருங்கடலைக் கணக்கிடுவது வீண் உழைப்பு என்பது அவர் வாதம்.

இது சிந்திக்க வேண்டிய வாதமே. ஒரு சோறு பதம் என்பது ஒரே பானையில் ஒரே தீயில் வெந்த சோற்றுக்குப் பொருந்தும். கடல் ஒரே பானையா என்பதுதான் கேள்வி. ஹென்சனின் பல்லாண்டு உழைப்பு நிலைப்பதும் வீழ்வதும் இக்கேள்வியைப் பொறுத்திருந்தது. பேரரசர் அளித்த பொருளும், உடன் சென்ற அறிஞர்களின் உழைப்பும் வீணாயின என்ற பழி அவர்மேல் விழும் நிலை ஏற்பட்டது.

ஹென்சன் மனம் தளரவில்லை. மறு ஆண்டிலேயே விடை எழுதினார். ஒரே பகுதியில் அடுத்தடுத்து வீசிய வலைகள் பெரிதும் மாறுபடவில்லை என்பதைத் தம் கணக்கைக் கொண்டு காட்டினார். பின்னர் வாதத்தை வளர்ப்பதினும் வேலையைத் தொடர்வதே நன்று என்று எண்ணியவர் போல், கொண்டு வந்த மாதிரிகளை எண்ணுவதில் பல்லாண்டுகள் ஈடுபட்டார். பயண முடிவுகள் 1892ஆம் ஆண்டு முதல் பல தொகுதிகளாக வெளிவந்தன. கடலுயிர்களின் எண்ணிக்கை பற்றி அவரே எழுதிய பெருநூல் 1911ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு அவருக்கு வயது 76. பல்கலைக்கழகப் பணியிலிருந்தும் அவ்வாண்டிலேயே ஓய்வு பெற்றார்.

காலம் வழங்கிய தீர்ப்பு இருவருக்கும் பொதுவானது. மிதவை உயிர்கள் சிறு பரப்பில் திட்டுத் திட்டாகவே உள்ளன என்பதில் ஹெக்கல் சொன்னது சரி. ஆனால் பெரும்பரப்பில் எந்தக் கடல் செழிப்பானது, எந்தக் கடல் வறியது என்பதில் ஹென்சன் கண்டது சரி. எண்ணுவதால் பயனில்லை என்ற கருத்து மறைந்தது. எண்ணும் முறையே நிலைத்தது.

காரணம் யாது?

குளிர்கடல் செழிப்பதும் வெப்பக்கடல் வறள்வதும் ஏன்? ஹென்சனோடு பயணம் செய்த கார்ல் பிராண்ட் இவ்வினாவை எடுத்துக் கொண்டார். பயிருக்கு வேண்டிய சத்துகளில் எது மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கும் என்பது வேளாண்மை அறிஞர்கள் கண்ட விதி. மற்ற உரங்களை எவ்வளவு இட்டாலும் நைட்ரஜன் குறைந்தால் மரம் செழிக்காது. இவ்விதி கடலுக்கும் பொருந்தும் என்று பிராண்ட் 1899ஆம் ஆண்டில் கூறினார். வெப்பக் கடலில் நைட்ரஜன் சத்தை அழிக்கும் நுண்ணுயிர்கள் மிகுதி என்றும் அவர் கருதினார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. ஆயினும் சத்துக் குறைவே காரணம் என்ற அடிப்படை நிலைத்தது. கீழுள்ள நீர் மேலே வருவதே கடலுக்கு உரமிடும் வழி என்பதை 1906ஆம் ஆண்டில் நாதன்சோன் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார்.

இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம். ரப்பர் மரத்தின் இலை உதிர்ந்தால் அது மரத்தடியிலேயே விழுந்து மட்கி உரமாகிறது. வேர் அதனை மீண்டும் எடுத்துக் கொள்கிறது. காட்டிலும் இவ்வாறே நிகழ்கிறது. கடலிலோ நிலைமை வேறு. கதிரவன் ஒளி ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம் வரைதான் பயன்தரும் அளவில் செல்லும். மிதவைத் தாவரம் அந்த மேலடுக்கில்தான் வாழ முடியும். அங்கு வாழும் உயிர்கள் மடிந்தால் அவற்றின் உடல்கள் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தை நோக்கி அமிழ்கின்றன. உரம் இருளில் கிடக்கிறது. ஒளி மேலே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் விளைச்சல் உண்டு.

வெப்பக் கடலில் மேல்நீர் ஆண்டு முழுவதும் சூடாகவும் இலேசாகவும் இருக்கிறது. கனமான குளிர்நீரின் மேல் அது ஒரு மூடி போல் மிதக்கிறது. ஆகவே கீழிருக்கும் உரம் மேலே வருவதில்லை. குளிர்கடலில் மாரிக்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்குகிறது. புயற்காற்றும் நீரைக் கலக்குகிறது. அதனால் உரம் மேலே வந்து சேர்கிறது. வசந்தத்தில் ஒளி பெருகியதும் மிதவைத் தாவரம் ஒரு சில வாரங்களில் பல்கிப் பெருகுகிறது. ஏர் உழுது உரமிட்டு விதைத்த வயல் போல் கடல் பச்சை நிறம் கொள்கிறது.

வெப்பப் பகுதியிலும் செழிப்பான இடங்கள் உண்டு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையோரத்திலும், ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையோரத்திலும் காற்று மேல்நீரை அப்பால் தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கீழ்நீர் உரத்தோடு மேலே எழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தியாவின் கேரளக் கரையிலும் இது நிகழ்கிறது. அங்கு மத்தி மீன் மிகுதியாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆறுகள் கொணரும் சத்தும் கரையோரக் கடல்களை வளப்படுத்துகிறது.

பின்வந்தோர் கண்டவை

ஹென்சனின் கணக்கில் ஒரு குறையும் இருந்தது. அவருடைய பட்டு வலையின் கண்களைவிடச் சிறிய உயிர்கள் பல, வலைக்கு அகப்படாமல் நழுவிவிட்டன. இக்குறையைக் கண்டறிந்தவர் கீல் நகரிலேயே பணியாற்றிய ஹான்ஸ் லோமன் என்னும் அறிஞர். 1980களில் அமெரிக்க அறிஞர் சாலி சிசோமும் அவர் குழுவினரும் மேலும் நுண்ணிய உயிர் ஒன்றைக் கண்டனர். புரோகுளோரோகாக்கஸ் எனப்படும் அது, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியது. சத்துக் குறைந்த வெப்பக் கடல்களில்தான் அது மிகுதியாக வாழ்கிறது. ஆகவே நீலக்கடல் வறியதேயன்றி வெற்றிடமன்று.

அண்டார்ட்டிக்காவைச் சூழ்ந்த கடலில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதியாக இருந்தும் மிதவைத் தாவரம் எதிர்பார்த்த அளவு வளர்வதில்லை. அங்கு இரும்புச் சத்து குறைவு என்று அமெரிக்க அறிஞர் ஜான் மார்ட்டின் 1980களின் இறுதியில் எடுத்துக்கூறினார். பின்னர் நடந்த சோதனைகள் அதனை உறுதிப்படுத்தின. உலகக் கடல்களைச் சுற்றிய தாரா என்னும் ஆய்வுக் கப்பல் 2009 முதல் 2013 வரை சேகரித்தவற்றால் மற்றோர் உண்மையும் தெளிவாயிற்று. ஒளிபடும் மேல்நீரில் எந்தெந்த வகை நுண்ணுயிர்கள் வாழும் என்பதைப் பெரிதும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. எவ்வளவு விளையும் என்பது உரத்தையும் ஒளியையும் பொறுத்தது. எவ்வகை வாழும் என்பது வெப்பத்தையும் பொறுத்தது.

கடல் வெப்பம் மாறினால் இவ்வுயிர்களும் இடம்பெயரும். ஆங்கில அறிஞர் அலிஸ்டர் ஹார்டி அமைத்த கருவியை வணிகக் கப்பல்கள் 1931ஆம் ஆண்டு முதல் இழுத்துச் சென்று மாதிரி சேகரித்து வருகின்றன. வட அட்லாண்டிக்கின் கிழக்குப் பகுதியில் 1960 முதல் 1999 வரையிலான காலத்தில், வெப்பநீரில் வாழும் சிற்றினங்கள் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துள்ளன என்பதை அக்கணக்கு காட்டியது. பல்லாண்டுகள் விடாது எண்ணியதனாலேயே இது தெரிய வந்தது.

1978ஆம் ஆண்டு முதல் செயற்கைக் கோள்கள் கடலின் நிறத்தை விண்ணிலிருந்து அளக்கின்றன. அவை காட்டும் படத்தில் வடகடல்கள் பச்சையாகவும், வெப்பப் பெருங்கடல்களின் நடுப்பகுதிகள் ஆழ்ந்த நீலமாகவும் தோன்றுகின்றன. நேஷனல் கப்பலில் இருந்துகொண்டு ஹென்சன் பட்டு வலையால் கண்ட உண்மையைத்தான் அப்படங்களும் கூறுகின்றன.

நிறைவு

ஹென்சன் 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கீல் நகரில் தமது 89ஆம் வயதில் இயற்கை எய்தினார். மிதவைத் தாவரங்கள் உலகில் ஒளியைக் கொண்டு நடைபெறும் உணவாக்கத்தில் ஏறத்தாழ பாதியைச் செய்கின்றன என்பது இன்று தெரிந்த உண்மை. நாம் சுவாசிக்கும் உயிர்வளியிலும் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிர்கட்குப் பெயரிட்டு, அவற்றை எண்ணவும் கற்றுக்கொடுத்தவர் ஹென்சன்.

அவர் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உண்டு. எளியதென்று எதனையும் இகழலாகாது. மண்புழுவும் மீன்முட்டையும் ஆராயத் தக்கவையே. எல்லாரும் நம்புவது உண்மையாகத்தான் இருக்கும் என்று கொள்ளாமல், அளந்தும் எண்ணியும் பார்க்க வேண்டும். எதிர்ப்பு வந்தால் சோர்ந்துவிடாமல் வேலையால் விடை கூற வேண்டும். நம் கணக்கில் குறை உண்டெனப் பின்வருவோர் கண்டால், அதனால் நம் உழைப்பு வீணாகிவிடாது. அவர்கள் ஏறிச் செல்லும் படியாக அது அமையும்.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது ஒரு கை நீரை அள்ளிப் பாருங்கள். தெளிந்த நீராகத் தோன்றும் அதனுள் எண்ணற்ற உயிர்கள் வாழ்கின்றன. அவற்றை எண்ணுவதற்கு வாழ்நாளில் ஒரு பெரும்பகுதியைச் செலவிட்ட ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதை அப்போது நினைவுகூருங்கள்.